எல்லைப்புற ஊர்களில் அச்சக் கிளவிகள்

அச்சம் மனத்தில் எழுவதாயினும் பேச்சு வழக்கில் அது உடம்பின் மேல் ஏற்றியே சொல்லப்படுகிறது. வயிற்றில் புளியைக் கரைத்தது, ஈரக்குலை நடுங்கிற்று, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது எனத் தமிழர் கூறுவர். ஆங்கிலேயர் பேச்சிலும் இவ்வகைத் தொடர்கள் மிகுதி. மனம் பதறுங்கால் வயிற்றுக்குள் பட்டாம்பூச்சி பறப்பதாக அவர்கள் சொல்வர். பாதம் குளிர்தல் என்பது அவர்களிடத்தில் துணிவிழந்து பின்வாங்குவதைக் குறிக்கும். நம்மிடத்திலோ கைகால் சில்லிட்டுப் போதல் பேரச்சத்தைக் குறிக்கும். இரத்தத்தை உறைய வைத்தது என இன்று நாளேடுகளில் வருந்தொடர் மொழிபெயர்ப்பின் வழியே புகுந்தது எனத் தோன்றுகிறது. நாட்டுப்புறப் பேச்சில் குருதி உறைவதில்லை, அடிவயிறுதான் கலங்குகிறது.

இத்தகைய வழக்குகளை ஆராய்வதற்கு நெய்யாற்றின்கரை வட்டத்தின் தென்கோடியிலுள்ள பாறசாலைப் பகுதி ஏற்ற இடமாகும். 1956 நவம்பர் 1 அன்று தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்துடன் இணைந்தபோது, நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. களியக்காவிளைக்கு இப்பால் ஓர் ஆட்சிமொழி, அப்பால் மற்றோர் ஆட்சிமொழி என்றாயிற்று. அதற்கு முன்னர் இவையனைத்தும் ஒரே திருவிதாங்கூர். பேச்சு இந்த எல்லைக்கோட்டை அறிந்து பிரிந்ததாகத் தெரியவில்லை.

'பேடி' என்னும் சொல்லை எடுத்துக்கொள்வோம். மலையாளத்தில் இஃது அச்சத்தைக் குறிக்கும் பொதுச்சொல். விளவங்கோட்டுத் தமிழர் பேச்சிலும் 'பேடியா இருக்கு', 'பேடிக்காதே' என இது வழங்குகிறது. இலக்கியத் தமிழில் பேடி என்பது ஆண்மை திரிந்தாரைக் குறித்துப் பின்னர் கோழையையும் குறித்தது. இதனால், எல்லைப்புறத் தமிழர் 'பேடி' என்றவுடன் அது மலையாளக் கலப்பு என ஒதுக்குவது எளிதாகிவிடுகிறது. பள்ளியில் ஆசிரியரின் சிவப்பு மையும் அவ்வாறே செய்யும். ஆயின் தொல்காப்பிய உரியியல் பேம், நாம், உரும் என்னும் மூன்றையும் அச்சப்பொருளன எனக் கூறுகிறது. பேம், பேய், பேடி ஆகியவற்றை ஓரினமாக வைத்து எண்ண இடமுண்டு. அஞ்சுவோனைச் சுட்டும் பொருளைத் தமிழ் போற்ற, அச்சத்தையே சுட்டும் பொருளை மலையாளம் போற்றியது எனக் கொள்வதே பொருந்தும். எல்லைப்புறத்தார் இரண்டையும் வைத்திருக்கின்றனர். அதனைக் கலப்பு என்பதினும் சேமிப்பு என்பதே தகும்.

இதற்கு வலுவான சான்று 'அரள்' என்னும் வினை. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பது தமிழ்ப் பழமொழி. மலையாளத்தில் மிகவும் அஞ்சியவனைப் 'பேடிச்சரண்டவன்' என்பர். பின்பாதி நமக்கு உறுதியாகத் தெரிந்த தமிழ். முன்பாதியை மட்டும் அயல் என்பது எங்ஙனம்?

பொருள் திரிந்த சொற்களும் உள. விறைத்தல் தமிழில் குளிரால் மரத்துக் கெட்டிப்படுதல். மலையாளத்தில் அதே சொல் நடுங்குதல். ஒன்றில் அசைவு நிற்கிறது, மற்றொன்றில் அசைவு மிகுகிறது. சங்கு தமிழ்ப் பேச்சில் குரல்வளை. மலையாளத்திலோ அது நெஞ்சிற்கு இறங்கி, அச்சத்தில் நெஞ்சு துடிப்பதைச் 'சங்கிடிப்பு' என்னும் சொல்லைத் தந்தது. உடல் நடுக்கத்தைக் குறித்த 'கிடிலம்' இன்று கேரள இளைஞரிடையே மிகச் சிறந்தது எனப் பாராட்டும் சொல்லாகிவிட்டது. தமிழ் இளைஞர் நல்ல திரைப்படத்தைப் 'பயங்கரம்' என்பதும், ஆங்கிலத்தில் அச்சுறுத்துவது என்றிருந்த 'டெரிஃபிக்' புகழ்ச்சொல்லானதும் இவ்வாறே.

சொற்கள் ஒருபுறமிருக்க, இம்மக்கள் எதற்கு அஞ்சினர் என்பதும் நோக்கத்தக்கது. மெய்ப்பாட்டியல் அச்சத்தின் களன்களாக அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என நான்கைக் கூறும். விலங்கும் கள்வரும் எந்நாட்டிற்கும் பொது. அணங்கு இப்பகுதியில் இசக்கியாகவும் யட்சியாகவும் இரு பெயரில் உலவுகிறது. கள்ளியங்காட்டு நீலியின் கதையை இருமொழியாரும் தமதெனச் சொல்வர்.

நான்காவதாகிய 'தம் இறை'யே இங்கு வரலாறாகிறது. இளவரசராயிருந்த மார்த்தாண்டவர்மர் எட்டுவீட்டுப் பிள்ளைமாருக்கு அஞ்சி நெய்யாற்றின்கரையில் ஒரு பலாமரப் பொந்தில் ஒளிந்து உயிர்தப்பினார் என்பது மரபுச் செய்தி. அம்மச்சிப் பிலாவு எனப்படும் அதன் பட்டுப்போன அடிமரம் அங்குள்ள கிருஷ்ணன் கோயில் வளாகத்தில் இன்றும் காக்கப்படுகிறது. 1729இல் அரியணை ஏறிய பின்னர் அச்சம் இடம் மாறிற்று. பிள்ளைமார் குடிகள் அழிந்தன. சி. வி. இராமன்பிள்ளை 1891இல் வெளியிட்ட மலையாளப் புதினமான 'மார்த்தாண்டவர்மா' அரசரின் இடர்களை விரிக்கிறது. தமிழில் வில்லிசையாக வழங்கும் தம்பிமார் கதையோ, அவ்வரசரால் கொல்லப்பட்ட தம்பிமாரின் பக்கம் நிற்கிறது. ஒருவரே ஓரிடத்தில் அஞ்சியவர், மற்றோரிடத்தில் அஞ்சப்பட்டவர். திருக்குறளின் 57ஆம் அதிகாரம் 'வெருவந்த செய்யாமை' எனப் பெயர் பெற்றது இவ்விடத்தில் நினைவுக்கு வரும். குடிகள் வெருவுவனவற்றை அரசன் செய்யலாகாது என்பது அதன் பொருள்.

மன்னராட்சி முடிந்த பின்னும் இக்களன் மறையவில்லை. தமிழ் வட்டங்களைச் சென்னை மாநிலத்துடன் இணைக்கக் கோரித் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் நடத்திய போராட்டத்தில், 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் காவல்துறை துப்பாக்கிச்சூடு நடத்தியது, உயிர்கள் பலியாயின. அக்கட்சி கேட்ட வட்டங்களுள் நெய்யாற்றின்கரையும் ஒன்று. அது கிடைக்கவில்லை.

அந்நாளில் சிறுவராயிருந்தோர் இன்று எண்பதைத் தொட்டோ கடந்தோ இருப்பர். பாறசாலையிலும் களியக்காவிளையிலும் அவர்களிடம் அந்த ஆகஸ்ட் மாதத்தைப் பற்றிக் கேட்டு, பேடித்தது, அரண்டது, வயிறு கலங்கியது என எச்சொல் எவர் வாயில் முதலில் வருகிறது என்பதை ஒலிப்பதிவு செய்துகொள்ள வேண்டும். சொல்லை வைத்து மொழியை முடிவு செய்யாமல், சொன்னவர் எம்மொழியில் கல்வி பெற்றார் என்பதையும் அருகே குறித்துக்கொண்டால் எல்லைப்புற அகராதி ஒன்றிற்கு அதுவே முதல் ஏடாகும்.