பனியாற்றை அளந்த வரலாறும் நம் மலையும்

மலையிலிருந்து இறங்கும் நீரை நம்பி வாழும் ஊர்களுக்கு, அந்த மலையின் நிலையை யார், எந்த ஆண்டில், எந்தக் கருவியால் பதிந்து வைத்தார்கள் என்னும் கேள்வி ஜீவாதாரமான கேள்வியாகும். ராஜபாளையத்தில், அய்யனார் கோயில் ஆற்றின் நீர் ஆறாவது மைல் நீர்த்தேக்கத்தில் தேங்கிக் குடிநீராகிறது. மேற்குத் தொடர்ச்சி மலையில் பெய்த மழையைக் காடு தன்னிடத்தே தாங்கிச் சிறுகச் சிறுக விடுவதால்தான் அந்த ஆறு மழை ஓய்ந்த பின்னும் சில காலம் ஓடுகிறது. இமயத்தின் உயர்ந்த சிகரப் பிரதேசங்களிலே அந்தக் காரியத்தைச் செய்வது பனிக்கட்டி. அந்தப் பனிக்கட்டி மெல்ல நகர்ந்து இறங்குவதே பனியாறு. நம் மலையில் பனியாறு இல்லை. ஆயினும் பனியாற்றின் மாறுதலை விண்ணிலிருந்து அளக்கக் கற்றவர்கள் எதிர்கொண்ட சிரமங்கள் எந்த மலையை அளக்கப் புகுவோருக்கும் உரியவை.

இமயத்திலுள்ள கங்கோத்ரிப் பனியாறு ஏறத்தாழ 30 கிலோமீட்டர் நீளமுள்ளது. இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த ஜே. பி. ஆடன் 1935-இல் அங்கே நடந்து சென்று, அதன் முகம், அதாவது கீழ்முனை, நின்ற இடத்தை வரைபடத்தில் குறித்தார். அந்த ஒரு குறிப்பு இருந்தமையால்தான், பின்வந்தவர்கள் அடுத்த அறுபது ஆண்டுகளில் பனிமுகம் ஆண்டுக்குச் சராசரியாக 19 மீட்டர் வீதம் பின்வாங்கியதென்று நிர்ணயிக்க முடிந்தது. ஆனால், ஆயிரக்கணக்கான பனியாறுகளையும் மனிதர் கால்நடையாகச் சென்று அளப்பதென்பது நினைத்தற்கும் அரிது.

அந்தக் குறையை நீக்கும் வழி, 1972 ஜூலையில் அமெரிக்கா, நிலத்தைப் படமெடுக்கும் லாண்ட்சாட் வரிசையின் முதல் செயற்கைக்கோளை அனுப்பியபோது திறந்தது. இந்தியாவின் தொலையுணர்வுச் செயற்கைக்கோளான ஐ.ஆர்.எஸ்.-1ஏ 1988 மார்ச் 17 அன்று பைக்கனூரிலிருந்து ஏவப்பட்டது. 22 நாட்களுக்கு ஒருமுறை அது அதே நிலத்தின் மேல் திரும்ப வந்தது. 1995-இல் சென்ற ஐ.ஆர்.எஸ்.-1சி, கண்ணுக்குப் புலனாகாத குறு அலை அகச்சிவப்பு ஒளியையும் பதிந்தது. வெண்பனியும் வெண்மேகமும் கண்ணுக்கு ஒரே நிறமாய்த் தோன்றினும், இந்த ஒளியைப் பனி விழுங்கிவிட, மேகம் பெரும்பாலும் பிரதிபலிக்கிறது. ஆகவே இரண்டையும் பிரித்தறிவது சாத்தியமாயிற்று. கல்லும் மண்ணும் மூடிய பனியாற்றின் கீழ்ப்பகுதி மட்டும் சுற்றியுள்ள பாறையைப் போலவே தோன்றுவதால், அதன் எல்லையை இன்றும் பயிற்சி பெற்ற கண்ணே தீர்மானிக்க வேண்டியிருக்கிறது.

கருவி கிடைத்த பின்னரும் விவாதம் ஓயவில்லை. ஆமதாபாத் விண்வெளிப் பயன்பாட்டு மையத்தின் அனில் குல்கர்னியும் சகாக்களும், செனாப், பார்வதி, பாஸ்பா ஆற்றுப் படுகைகளிலுள்ள 466 பனியாறுகளை 1962-ஆம் ஆண்டு நில அளவைப் படங்களோடு ஒப்பிட்டு, 2077 சதுர கிலோமீட்டராக இருந்த அவற்றின் விஸ்தீரணம் 1628 ஆகச் சுருங்கியதென்று 2007-இல் வெளியிட்டார்கள். அதாவது 21 சதவீத இழப்பு. ஏழாண்டு கழித்து, ஆராய்ச்சியாளர் பகுகுணா முதலியோர் 2001-க்கும் 2011-க்கும் இடையில் எடுத்த செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டு, இமயத்தின் 2018 பனியாறுகளில் 1752 நிலையாக நிற்கின்றன என்றும், 248 மட்டுமே பின்வாங்கின என்றும் கண்டார்கள். இவ்விரண்டும் முரண்பட்டவை என்று கொள்வது அவசரமான முடிவென்பதே என் அபிப்பிராயம். முன்னது நாற்பது ஆண்டுகளின் கணக்கு, பின்னது பத்தாண்டின் கணக்கு. அன்றியும், பழைய நில அளவைப் படங்களில் பருவத்துக்குரிய புதுப்பனி பனியாறாகவே வரையப்பட்டிருந்தால், அது உருகியதும் இல்லாத இழப்பொன்று கணக்கில் ஏறிவிடும். முதற்பதிவு பழுதுபட்டால், பின்வரும் அளவை எத்தனை நுட்பமானதாயினும் பழுதுபடுகிறது.

விஸ்தீரணம் குன்றாமலே கனம் குன்றலாம் என்பதும் இங்கே கருதத்தக்கது. அமெரிக்க உளவுச் செயற்கைக்கோள்கள் 1970-களில் எடுத்து, பெட்டிகளில் அடைத்துப் பாராசூட்டில் பூமிக்கு அனுப்பிய படச்சுருள்கள், இரகசியம் நீங்கிய பின் ஆராய்ச்சியாளருக்குக் கிடைத்தன. அவற்றிலிருந்து பனிப்பரப்பின் உயரத்தைக் கணித்து, இமயத்தின் 650 பனியாறுகளை ஆராய்ந்த 2019-ஆம் ஆண்டு ஆய்வு, 1975 முதல் 2000 வரை நிகழ்ந்ததைப் போல இருமடங்கு வேகத்தில் அதற்குப் பின் பனி கரைந்து வருவதாக நிறுவியது. போர்த் தந்திரத்துக்காக எடுத்த படம் மலையின் சரித்திர ஆவணமாய் மாறியது பெரும் பேறு.

இனி நம் மலைக்கு வருவோம். ஸ்ரீவில்லிபுத்தூர் மலையில் சாம்பல் நிற மலை அணில் சரணாலயம் அமைந்த ஆண்டும், ஐ.ஆர்.எஸ்.-1ஏ ஏவப்பட்ட அதே 1988 தான். ஆகவே அந்தச் சரணாலயத்தின் ஆயுள் முழுவதும், 2021-இல் அது மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமான வரைக்கும், செயற்கைக்கோள் கண்டிருக்கிறது. லாண்ட்சாட் படங்களோ அதற்கும் முந்தியவை, 2008 முதல் எவரும் விலையின்றிப் பெறத்தக்கவை. பனியாற்று ஆய்வில் நேரக்கூடிய பிழை இங்கே வேறு உருவில் காத்திருக்கிறது. வடகிழக்குப் பருவமழையில் மேகம் சிகரங்களை மூடும். கோடையில் இலையுதிர் மரங்கள் மொட்டையாய் நிற்கும். மழை முடிந்த தை மாதத்துப் படத்தைக் கடுங்கோடைப் படத்தோடு ஒப்பிடுபவர், அழியாத காட்டை அழிந்ததாகக் கூறிவிடக்கூடும். இம்மலையின் செண்பகத்தோப்புச் சரிவுகளையாவது, ஆண்டுதோறும் ஒரே மாதத்தில் எடுத்த படங்களைக் கொண்டு ஒப்பிட்டு, மலையேறிச் சரிபார்த்து, அந்தந்த ஆண்டின் மழையளவோடு சேர்த்து ஒரு முதற்பதிவு செய்யும் பணியை ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் ஆகிய இவ்விரு ஊர்களின் கல்லூரிகள் உடனே தொடங்கலாம்.