குடிமதிப்பில் முன்னோரைத் தேடுதல்

சித்தூரிலிருந்து திருப்பதிக்குச் செல்லும் பெருவழியில் உள்ளது புத்தலப்பட்டு. அவ்வூர்ப் பக்கத்தைப் பூர்விகமாகக் கொண்டு, இன்று பெங்களூரிலும் மும்பையிலும் தில்லியிலும் வாழும் தமிழ்க் குடும்பத்தார் தம் பாட்டன் பூட்டன் பெயரைப் பழைய குடிமதிப்பேடுகளில் தேட விரும்புவது இயல்பே. அறிக்கைகள் பலவும் இப்போது இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆயினும் அவற்றில் ஊரும் தொகையும் உண்டு. ஆளின் பெயர் இல்லை.

இங்கிலாந்தில் வீட்டு வாரியாக எழுதிய தாள்களை நூறாண்டு கழிந்தபின் மக்கள் பார்வைக்கு வெளியிடுகின்றனர். 1921ஆம் ஆண்டுத் தாள்கள் 2022இல் வெளிவந்தன. அமெரிக்காவில் இக்கெடு 72 ஆண்டு. நம் நாட்டிலோ 1948ஆம் ஆண்டுக் குடிமதிப்புச் சட்டம் அத்தாள்களை எவரும் பார்வையிட இடந்தரவில்லை. அதற்கு முந்திய காலத்துத் தாள்களும் அட்டவணைகள் ஆக்கப்பட்டபின் பேணப்படவில்லை. அந்தரங்கம் காப்பது நன்றே. எனினும் நூறாண்டுக்கு முன் மறைந்தவரின் பெயரால் எவருக்குத் தீங்கு நேரும் என்று நாம் கேட்கத்தான் வேண்டும்.

இனி, எந்த ஜில்லாவின் ஏட்டைப் புரட்டுவது? புத்தலப்பட்டு அடங்கிய சித்தூர்த் தாலூகா 1911 வரை வட ஆர்க்காடு ஜில்லாவைச் சேர்ந்திருந்தது. அவ்வாண்டு ஏப்ரலில்தான் சித்தூர் தனி ஜில்லாவாயிற்று. 1953இல் அது ஆந்திர இராச்சியத்தோடு சேர்ந்தது. 1960இல் திருத்தணிப் பகுதி சென்னை இராச்சியத்துக்கு வந்தது. 2022இல் திருப்பதி தனி மாவட்டமாகப் பிரிந்தது. குடும்பம் ஊரைவிட்டு அசையாமலே ஏடு மாறிக்கொண்டிருந்தது! ஆகையால் 1871, 1881, 1891, 1901 ஆகிய நான்கு கணக்குகளுக்கும் வட ஆர்க்காட்டையே நோக்குதல் வேண்டும்.

அங்ஙனம் நோக்குவார் கண்ணில் ஒரு செய்தி படும். 1871இல் அந்த ஜில்லாவின் மக்கள் 20 லட்சத்துக்குச் சற்று மேல். 1881இல் ஏறத்தாழ 18 லட்சம். இடையில் வந்தது 1876 முதல் 1878 வரை நீடித்த தாது வருஷப் பஞ்சம். பட்டினியாலும் நோயாலும் மாண்டவர், ஊர்விட்டு அகன்றவர் ஆகியோர் எல்லாரும் அந்த இரண்டு லட்சக் குறைவுக்குள் பெயரின்றி அடங்கிவிட்டனர்.

அகன்றவருள் கடல் கடந்தோர்க்கு மட்டும் பெயர் எஞ்சியது. 1860இல் ‘ட்ரூரோ’ என்னும் கப்பல் சென்னையிலிருந்து டர்பன் துறையை அடைந்தது முதல் 1911 வரை, ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டோர் ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்குச் சென்றனர். வட ஆர்க்காட்டார் அவருட் பலர். ஒவ்வொருவர்க்கும் எண், பெயர், தந்தை பெயர், வயது, உயரம், அங்க அடையாளம், ஜில்லா, தாலூகா, கிராமம் எனக் கப்பற்பட்டியலில் எழுதிவைத்தனர். இப்பட்டியல்களை இணையத்திலும் தேடலாம். ஊரிலேயே உழுதிருந்த தமையன் ஓர் எண்ணாகக் கரைய, கூலியாய்ப் போன தம்பியின் மச்சமுங்கூடப் பதிவாகியிருத்தல் விந்தையன்றோ?

ஊரிலிருந்தோர்க்கு நிலப்பதிவுகளே துணை. மானிய நிலம் பெற்ற குடும்பமாயின், 1858இல் அமைந்த இனாம் கமிஷனின் பதிவேடுகளில் தலைமுறை வரிசையும் கிட்டக்கூடும். சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் முதலிற் கேட்டல் தகும்.

தேடுவோர்க்கு மற்றொன்று. எழுத்தர் தம் செவிக்குப் பட்டவாறே ஆங்கிலத்தில் எழுதினர். தமிழர் புத்தலப்பட்டு என்பதைத் தெலுங்கர் பூதலபட்டு என்பர். ஆங்கில எழுத்தில் இஃது எவ்வெவ்வாறு திரிந்திருக்கும் என்பதை மொழிபெயர்ப்புத் தொழிலில் உள்ள நாம் நன்கறிவோம். எனவே ஊர்ப்பெயரை விடுத்து, முதலில் சித்தூர்த் தாலூகா என்று தேடி, அதன்பின் தந்தை பெயரை ஒப்பிட்டுப் பார்த்தல் எளிது.