ஒரே பாட்டி, இரண்டு வாக்குமூலங்கள்

1937-ம் வருஷம். அமெரிக்காவின் தென் கரோலினா மாநிலத்தில் சார்ல்ஸ்டன் நகரம். அங்கே சூசன் ஹாம்லின் என்ற கறுப்பின மூதாட்டியை இரண்டு பேர் தனித்தனியாகப் போய்ப் பேட்டி எடுத்தார்கள். ஒருவர் வெள்ளைக்காரப் பெண்மணி, ஜெஸ்ஸி பட்லர். இன்னொருவர் கறுப்பினத்தைச் சேர்ந்த அகஸ்டஸ் லாட்சன். பாட்டி ஒன்றுதான், விஷயமும் ஒன்றுதான்: அவர் அடிமையாக இருந்த காலம். ஆனால் இரண்டு பேட்டிகளையும் அடுத்தடுத்துப் படித்தால், பேசுவது வேறு வேறு ஆட்களோ என்று சந்தேகம் வந்துவிடும்.

முதலில் பின்னணியைச் சொல்லிவிடுகிறேன். 1930-களின் பொருளாதாரப் பெருமந்தத்தில் வேலையிழந்த எழுத்தாளர்களுக்குச் சம்பளம் கொடுக்க அமெரிக்க அரசு ஒரு திட்டம் போட்டது. பெயர் ஃபெடரல் ரைட்டர்ஸ் புராஜெக்ட். அதன் ஒரு பகுதியாக 1936 முதல் 1938 வரை 17 மாநிலங்களில், அடிமைகளாக இருந்து இன்னும் உயிரோடிருந்த முதியவர்களைத் தேடிப் போய்ப் பேட்டி எடுத்தார்கள். 2,300-க்கும் மேற்பட்ட வாக்குமூலங்கள் சேர்ந்தன. பெரிய பொக்கிஷம்தான். ஆனால் ஒரு சிக்கல். பேட்டி எடுத்தவர்களில் பெரும்பாலானோர் வெள்ளையர்கள். அதுவும் தென்மாநிலங்களில், நிறவெறிச் சட்டங்கள் அமலில் இருந்த காலத்தில், வாய் தவறி ஒரு வார்த்தை விட்டால் உயிருக்கே ஆபத்து என்ற சூழலில்.

பட்லர் போய் விசாரித்தபோது, இவர் அரசு நிவாரண அலுவலகத்திலிருந்து வந்திருக்கிறார் என்று பாட்டி நினைத்துக்கொண்டார். அந்த அலுவலகத்திலிருந்து அவர் முன்பு உதவி வாங்கியிருக்கிறார். அந்த எண்ணத்தைத் தான் திருத்தவில்லை என்று பட்லரே எழுதி வைத்திருக்கிறார்! அப்புறம் என்ன நடக்கும்? எதிரே உட்கார்ந்திருப்பது ஒரு வெள்ளைக்கார அம்மா. அவர் மனசு வைத்தால் உதவி மறுபடியும் கிடைக்கலாம். பாட்டி தன் பழைய எஜமானர் ஃபுல்லரைப் புகழோ புகழென்று புகழ்கிறார். நல்லது செய்வதற்காகவே அவர் அடிமைகளை வைத்திருந்தார் என்று தோன்றும் அளவுக்கு.

லாட்சனிடம் பேசும்போது 'மகனே' என்று கூப்பிடுகிறார். தனக்கு 101 வயசு என்கிறார். பிறகு கொட்டுகிறார் பாருங்கள். பெண்களைக் கூரையில் கட்டித் தொங்கவிட்டு அடித்ததைச் சொல்கிறார். மற்ற அடிமைகள் நின்று பார்த்தே ஆகவேண்டுமாம். ராத்திரி கல்யாணமான ஒரு பெண்ணை மறுநாள் காலையிலேயே விற்றுவிட்டார்கள். அவளுடைய அம்மா தெருவில் இறங்கி, எஜமானியை வாய்க்கு வந்தபடி ஏசினாள். போலீசைக் கூப்பிடுவேன் என்று மிரட்டியபோது, இதைச் சகிப்பதைவிடச் சாவதே மேல் என்றாள். அவளைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அதன் பிறகு என்ன ஆனாள் என்று தெரியாது.

சரி, எது உண்மை?

'கறுப்பரிடம் சொன்னது உண்மை, வெள்ளையரிடம் சொன்னது பொய்' என்று ஒரே போடாகப் போட்டுவிடலாம். எனக்கு அது போதவில்லை. லாட்சனின் பதிவு, பாட்டி தானாகவே பேசிக்கொண்டு போவது போல இருக்கிறது. அவர் என்ன கேட்டார், எப்படி வாயைக் கிளறினார் என்று நமக்குத் தெரிவதில்லை. பட்லரோ தன் கேள்விகளையும் எழுதி வைத்தார். பாட்டி தன்னை யார் என்று நினைத்தார் என்பதையும் எழுதி வைத்தார். அதனால்தான் அந்தப் பேட்டி எங்கே கோணிப்போனது என்று இன்றைக்கு நம்மால் சொல்ல முடிகிறது.

நான் பார்ப்பது வேறொரு இடத்தை. பட்லரிடம் ஃபுல்லரைப் புகழ்ந்துகொண்டே வரும் பாட்டி, நடுவில் ஒரு விஷயம் சொல்கிறார். சில எஜமானர்கள் கைக்குழந்தைக்குத் துணி உடுத்தச் சொல்லி, எடுத்துப் போய் விற்றுவிடுவார்கள்; பெரும்பாலும் தாய் இல்லாத நேரமாகப் பார்த்து விற்பார்கள்; தாய் அலறுவாள். உடனே, 'எங்கள் ஃபுல்லர் அப்படிச் செய்யவில்லை' என்று சேர்த்துவிடுகிறார். லாட்சனிடமும் இதே அலறல் வருகிறது: உறவுகளைப் பிரித்து விற்கும்போது ராப்பகலாகக் கேட்ட ஓலம்.

எஜமானரைப் புகழ்வதற்குப் பாட்டிக்குக் காலணா செலவில்லை. லாபம்கூட உண்டு. குழந்தை விற்ற கதையோ, எதிரே இருந்தவர் காதுக்கு இதமான செய்தி அல்ல. அதைச் சொல்வதால் பாட்டிக்கு எந்த ஆதாயமும் கிடையாது. அப்படியும் வாயில் வந்துவிட்டது. இரண்டு பேட்டியிலும் வந்திருக்கிறது. நான் அதை நம்புகிறேன்.

லாட்சனிடம் பாட்டி தன் அப்பாவைப் பற்றியும் சொல்கிறார். தன்னை அடித்த எஜமானரைக் காட்டுக்குக் கொண்டுபோய், மரத்தில் கட்டி, வாங்கிய அடியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கப்பலேறி வடக்கே தப்பிய கதை. அருமையான கதை. ஆனால் இது அவர் கண்ணால் பார்த்தது அல்ல, குடும்பத்தில் சொல்லக் கேட்டது. அலறலுக்குக் கொடுக்கும் எடையை இதற்கும் கொடுக்க முடியாது. பொய் என்று தள்ளவும் வேண்டியதில்லை. அந்தக் குடும்பம் எதை நினைத்துப் பெருமைப்பட்டது என்பதற்கு அது சாட்சி.

ஜான் பிளாசிங்கேம் என்ற வரலாற்றாசிரியர் 1975-ல் இந்தப் பேட்டிகளைப் பற்றி எழுதிய கட்டுரையில், யார் கேட்டார்கள், எந்தச் சூழலில் கேட்டார்கள் என்று பார்க்காமல் இவற்றைப் பயன்படுத்தக் கூடாது என்று எச்சரித்தார். அதற்காக பட்லரின் பேட்டியைத் தூக்கிப்போட வேண்டுமா? கூடாது. சூசன் பாட்டி பொய் சொன்னார் என்பதைவிட, ஆள் பார்த்துப் பேசினார் என்பதே சரி. அடிமைமுறை ஒழிந்து எழுபது வருஷத்துக்கு மேல் ஆன பிறகும், சுமார் நூறு வயசான ஒருவர், வாசலில் வந்து நிற்கும் வெள்ளைக்கார முகத்தைப் பார்த்து வார்த்தைகளை அளந்துதான் பேசவேண்டியிருந்தது. 1937-ன் சார்ல்ஸ்டனைப் பற்றி இதைவிட நேரடியான சாட்சியம் வேறு என்ன வேண்டும்?