அகில இந்திய பார் தேர்வு: தேர்வு நாளுக்கு ஆயத்தமாவது எப்படி?

சட்டப் படிப்பை முடித்து மாநில பார் கவுன்சிலில் பதிவு செய்தவர்கள் நீதிமன்றத்தில் தொடர்ந்து வழக்காட வேண்டுமெனில், அகில இந்திய பார் தேர்வில் (ஏஐபிஇ) தேர்ச்சி பெறுவது கட்டாயம். சட்ட நூல்களைப் பார்த்து விடையளிக்க அனுமதி உண்டு என்பதால் இது எளிதான தேர்வாகக் கருதப்படுகிறது. ஆனால், தேவையான பிரிவை உரிய நேரத்தில் கண்டெடுக்கும் பயிற்சி இல்லாதவர்களுக்கு அந்த அனுமதியால் பெரும் பயன் இல்லை.

தேர்வின் பின்னணி

இந்திய பார் கவுன்சில் நடத்தும் இத்தேர்வு முதன்முறையாக 2011 மார்ச் 6-ஆம் தேதி நடைபெற்றது. 2009-10 கல்வியாண்டு முதல் சட்டப் பட்டம் பெற்றவர்களுக்கு இது பொருந்தும். இத்தேர்வை நடத்த பார் கவுன்சிலுக்கு அதிகாரம் உண்டு என்பதை உச்சநீதிமன்றத்தின் 5 நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு 2023 பிப்ரவரி 10-ஆம் தேதி உறுதி செய்தது.

தற்காலிகமாகப் பதிவு செய்தவர்கள் இரண்டு ஆண்டுகளுக்குள் தேர்ச்சி பெற வேண்டும். அதன் பின்னரே வழக்குரைஞராகத் தொழில் புரிவதற்கான சான்றிதழ் வழங்கப்படும். எத்தனை முறை வேண்டுமானாலும் தேர்வை எழுதலாம்.

மதிப்பெண் கணக்கு

மொத்தம் 100 கொள்குறி வினாக்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு மதிப்பெண். தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்கப்படுவதில்லை. பொதுப் பிரிவினரும் இதர பிற்படுத்தப்பட்டோரும் 45 சதவீதமும், பட்டியலினத்தவர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் 40 சதவீதமும் பெற வேண்டும்.

பாடத்திட்டத்தில் 19 தலைப்புகள் உள்ளன. அவற்றில் அரசமைப்புச் சட்டம், குற்றவியல் நடைமுறை, உரிமையியல் நடைமுறை ஆகியவற்றுக்குத் தலா 10. குற்றவியல் தண்டனைச் சட்டம், சாட்சியச் சட்டம் ஆகியவற்றுக்குத் தலா 8 மதிப்பெண்கள். இந்த ஐந்து மட்டுமே 46 மதிப்பெண்கள். குடும்பச் சட்டங்கள் (8), ஒப்பந்தம், சொத்துரிமை மாற்றம், மாற்றுமுறை ஆவணங்கள் உள்ளிட்ட சட்டத் தொகுதி (8) ஆகியவற்றையும் சேர்த்தால் ஏழு தலைப்புகளில் 62 மதிப்பெண்கள் அடங்கிவிடும். கடைசி வாரங்களில் படிப்போர் இந்த வரிசையைப் பின்பற்றுவது பயன்தரும்.

எந்த நூல்களுக்கு அனுமதி?

சட்டப் பிரிவுகள் மட்டும் அச்சிடப்பட்ட 'பேர் ஆக்ட்' நூல்களுக்கே அனுமதி உண்டு. விளக்கவுரை நூல்கள், வழிகாட்டிகள், கையெழுத்துக் குறிப்புகள் அனுமதிக்கப்படுவதில்லை. படிக்கும்போது ஓரங்களில் குறிப்பு எழுதிய பிரதியைத் தவிர்த்து, எழுத்து ஏதுமற்ற பிரதியைத் தேர்வுக்குத் தனியாக வைத்துக்கொள்வது பாதுகாப்பானது.

அனைத்துச் சட்டங்களுக்கும் நூல்களைச் சுமந்து செல்வதால் பயனில்லை. மேசையில் இடமும் போதாது. அதிக மதிப்பெண் கொண்ட ஏழு தலைப்புகளுக்கான நூல்களுடன், அளவில் சிறிய வழக்குரைஞர்கள் சட்டம், 1961-ஐயும் எடுத்துச் செல்லலாம். தொழில் நெறிமுறைகள் குறித்த 4 வினாக்களுக்கு அது உதவும். வழக்குரைஞரின் தவறான நடத்தைக்கான நடவடிக்கை 35-ஆவது பிரிவில் உள்ளது.

நூலின் அமைப்பையும் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். உரிமையியல் நடைமுறைச் சட்டத்தில் பிரிவுகள் முடிந்த பின்னரே கட்டளைகளும் விதிகளும் தொடங்குகின்றன. மனு நிராகரிப்பு (கட்டளை 7, விதி 11), தற்காலிகத் தடையாணை (கட்டளை 39) போன்றவற்றைப் பிரிவுகளில் தேடினால் கிடைக்காது.

பழைய எண், புதிய பொருள்

2024 ஜூலை 1-ஆம் தேதி நடைமுறைக்கு வந்த மூன்று குற்றவியல் சட்டங்கள் கூடுதல் கவனம் கோருபவை. மனதில் பதிந்த பழைய எண்கள் புதிய சட்டங்களில் வேறு பொருளைத் தருகின்றன.

• கொலைக்கான தண்டனை: இந்திய தண்டனைச் சட்டத்தில் 302, பாரதிய நியாய சன்ஹிதாவில் 103. புதிய சட்டத்தின் 302, மத உணர்வைப் புண்படுத்தும் பேச்சு தொடர்பானது.

• ஜீவனாம்சம்: குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 125, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் 144. தடை உத்தரவுக்குரிய பழைய 144, இப்போது 163.

• முன்ஜாமீன்: பழைய 438, இப்போது 482. உயர்நீதிமன்றத்தின் உள்ளார்ந்த அதிகாரத்துக்குரிய பழைய 482, இப்போது 528.

• மின்னணுச் சாட்சியம்: சாட்சியச் சட்டத்தின் 65பி, பாரதிய சாக்ஷ்ய அதினியத்தில் 63.

புதிய சட்டங்கள் நடைமுறைக்கு வரும் முன் நிகழ்ந்த குற்றங்களுக்குப் பழைய தண்டனைச் சட்டமே பொருந்தும் என்பதால், வினாவில் எந்தச் சட்டம் குறிப்பிடப்பட்டுள்ளது என்பதைப் பார்த்த பின்னரே விடையளிக்க வேண்டும்.

தேர்வறையில் நேரம்

2024 டிசம்பர் 22-ஆம் தேதி நடந்த 19-ஆவது தேர்வுக்குப் பிற்பகல் 1 மணி முதல் 4 மணி வரை நேரம் வழங்கப்பட்டது. 180 நிமிடங்களில் 100 வினாக்கள் எனில், ஒரு வினாவுக்கு 1 நிமிடம் 48 விநாடிகள் மட்டுமே. ஒவ்வொரு வினாவுக்கும் நூலைப் புரட்ட இந்நேரம் போதாது.

முதல் சுற்றில் நூலைத் திறக்காமலேயே, தெரிந்த வினாக்களுக்கு விடையளிக்கலாம். நூலில் தேட வேண்டியவற்றைச் சட்டவாரியாகப் பிரித்து, இரண்டாம் சுற்றில் ஒரு நூலைத் திறக்கும்போதே அதற்குரிய வினாக்கள் அனைத்தையும் முடிப்பது நேரத்தை மிச்சப்படுத்தும். மதிப்பெண் குறைப்பு இல்லாததால், எந்த வினாவையும் விடையின்றி விடத் தேவையில்லை.

ஓஎம்ஆர் விடைத்தாளில் பேனாவால் நிரப்பிய வட்டத்தை அழிக்க முடியாது. பதிவெண்ணையும் வினாத்தொகுப்பின் வரிசைக் குறியீட்டையும் முதலிலேயே சரியாக நிரப்ப வேண்டும். குறியீடு விடுபட்டால் சரியாக எழுதிய விடைகளும் மதிப்பிடப்படாமல் போகக்கூடும்.

முந்தைய நாள் சரிபார்க்க வேண்டியவை

• அச்சிட்ட ஹால் டிக்கெட். அதிலுள்ள பெயர், புகைப்படம், தேர்வு மையம், மையத்துக்கு வர வேண்டிய நேரம்

• புகைப்படத்துடன் கூடிய அசல் அடையாள அட்டை

• நீலம் அல்லது கருப்பு நிற பால் பாயிண்ட் பேனாக்கள்

• குறிப்புகளற்ற சட்ட நூல்கள்

கைப்பேசி, ஸ்மார்ட் வாட்ச் உள்ளிட்ட மின்னணுச் சாதனங்களுக்கு அனுமதி இல்லை. வெளியூரில் மையம் ஒதுக்கப்பட்டவர்கள் முந்தைய நாளே அங்கு சென்றுவிடுவது நல்லது.

தேர்வுக்குப் பின் தற்காலிக விடைக்குறிப்பு வெளியிடப்படும். அதில் பிழை இருப்பதாகக் கருதுவோர் குறிப்பிட்ட காலத்துக்குள் ஆட்சேபம் தெரிவிக்கலாம். ஓரிரு மதிப்பெண்களில் தேர்ச்சி முடிவாகும் நிலையில் இருப்போர் இந்த வாய்ப்பைத் தவறவிடாமல் இருக்க, வினாத்தொகுப்பின் வரிசைக் குறியீட்டை நினைவில் வைத்திருப்பது அவசியம்.