மூன்று விடைகள்: வகுப்பறையில் காணொளியைச் சான்றாக வாசிப்பது குறித்து

ஸ்டான்ஃபோர்டு வரலாற்றுக் கல்விக் குழு 2019 நவம்பரில் வெளியிட்ட ஆய்வறிக்கையின் ஒரு பகுதியில் இரண்டு எண்கள் அருகருகே நிற்கின்றன. ஒன்று 52 விழுக்காடு, மற்றொன்று 3. பள்ளிகளில் ஊடகக் கல்வி வேண்டும் என்று எழுதுவோர் ஏறத்தாழ அனைவரும் முதல் எண்ணை எடுத்தாள்கிறார்கள். இரண்டாவதை வியப்போடு குறிப்பிட்டுவிட்டுக் கடந்துபோகிறார்கள். இந்த முன்னுரிமை தலைகீழானது என்றும், காணொளியை வகுப்பறையில் கையாளும் முறையே இதனால் தவறான திசையில் போயிருக்கிறது என்றும் கருதுகிறேன்.

ஆய்வில் பங்கேற்ற அமெரிக்க உயர்நிலைப் பள்ளி மாணவர்கள் 3,446 பேர். அவர்களுக்குத் தரப்பட்ட ஆறு பணிகளில் ஒன்று மங்கலான ஒரு முகநூல் காணொளி பற்றியது. வாக்குப்பெட்டிக்குள் சீட்டுகள் திணிக்கப்படுவதை அது காட்டுகிறது. 2016-இல் ஜனநாயகக் கட்சி தன் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க நடத்திய முதனிலைத் தேர்தலில் நடந்த மோசடி என்று அதனுடன் இருந்த குறிப்பு சொல்கிறது. இது அந்த மோசடிக்கு வலுவான சான்றாகுமா என்பதே வினா. மாணவர்களுக்கு இணைய இணைப்பு இருந்தது. தேடுவதற்குத் தடை ஏதுமில்லை. உண்மையில் அந்தக் காட்சிகள் ரஷ்யாவில் பதிவானவை. 52 விழுக்காட்டினர் அதை வலுவான சான்று என்றனர். மூவாயிரத்துக்கும் மேற்பட்ட விடைகளில் காணொளியின் மூலத்தைக் கண்டுபிடித்தவை மூன்றே மூன்று.

இந்தப் பகுதியை வாசிக்கும் வழக்கமான முறை இது: பாதிக்கு மேற்பட்ட மாணவர்கள் கண்ணால் கண்டதை நம்பிவிட்டார்கள், படத்தைக் கேள்வி கேட்க அவர்களுக்குத் தெரியவில்லை, ஆகவே படத்தைக் கூர்ந்து பார்க்கக் கற்றுக்கொடுக்க வேண்டும். இந்த முடிவிலிருந்துதான் பாடத்திட்டங்கள் பிறக்கின்றன. கேமரா எங்கே நிற்கிறது, எங்கே வெட்டப்பட்டிருக்கிறது, பின்னணி இசை என்ன உணர்வை எழுப்புகிறது, சட்டகத்துக்குள் யார் இருக்கிறார்கள், யார் விடப்பட்டிருக்கிறார்கள் என்று மாணவர்கள் பட்டியலிடுகிறார்கள். திரைப்பட ரசனைக் கல்வி பல பத்தாண்டுகளாக வளர்த்த நுட்பங்கள் இவை. அவற்றின் மதிப்பை நான் மறுக்கவில்லை. ஒரு விளம்பரப் படத்தின் உத்தியைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல வழி இல்லை.

ஆனால் ஒரு சிறிய கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 52 விழுக்காட்டினர் ஏற்றார்கள் என்றால் மீதிப் பேரில் பெரும்பாலோர் அதை வலுவான சான்றாக ஏற்கவில்லை என்று கொள்ளலாம். மூலத்தைத் தேடிக் கண்டவர்கள் மூவர் மட்டுமே என்பதால், மறுத்தவர்களில் அந்த மூவரைத் தவிர மற்ற எல்லோரும் ரஷ்யாவைப் பற்றி ஏதும் அறியாமலேயே மறுத்திருக்கிறார்கள். ஏற்றவர்களும் மறுத்தவர்களும் செய்த வேலை ஒன்றேதான்: காணொளியை மீண்டும் பார்த்தார்கள், அதற்குள்ளேயே விடை தேடினார்கள். சிலருக்கு அது போதுமான சான்றாகத் தெரிந்தது, சிலருக்கு மங்கலாகத் தெரிந்தது. முடிவு வேறு, வழி ஒன்று. 52-ஐ 30-ஆகக் குறைக்கும் ஒரு பாடத்திட்டம் வெற்றி பெற்றதாக நம்மால் சொல்ல முடியுமா? அந்த 3, 3-ஆகவே இருக்கும்வரை முடியாது. இன்று ஒரு பொய்யான காணொளியை மங்கலாக இருக்கிறது என்று தள்ளிய மாணவர், நாளை மங்கலான ஓர் உண்மைக் காணொளியையும் அதே காரணத்தால் தள்ளுவார்.

இங்கே எச்சரிக்கையோடு ஒன்றைச் சொல்ல வேண்டும். இதை எடுத்தவர் யார், எங்கே எடுத்தது என்று தெரியாதபோது சான்றாக ஏற்க இயலாது என்று ஒரு மாணவர் எழுதினால், அவர் காணொளியை விட்டு நகராமலேயே சரியான கேள்வியைத் தொட்டிருக்கிறார். அப்படிப்பட்ட விடைகளை மற்ற மறுப்புகளோடு ஒரே கணக்கில் அடைப்பது நியாயமல்ல. எனினும் கேள்வி கையில் இருந்தது, இணையமும் கையில் இருந்தது. விடை தேடும் அந்த ஓர் அடி எடுத்து வைக்கப்படவில்லை. நம் கவனம் குவிய வேண்டிய இடம் அந்த ஓர் அடி.

அது ஏன் எடுத்து வைக்கப்படவில்லை? தேடுபொறியைப் பயன்படுத்தத் தெரியாத பதினாறு வயதினர் அந்த நாட்டில் மிகக் குறைவு. தேர்வுச் சூழல் என்பதால் வெளியே போய்ப் பார்ப்பது முறைகேடு என்று தயங்கியிருப்பார்கள், ஆகவே 3 என்பது தேர்வு உண்டாக்கிய செயற்கை எண் என்று ஓர் எதிர்வாதம் எழக்கூடும். இந்த எதிர்வாதத்தை நான் முழுமையாக ஏற்றுக்கொள்கிறேன். ஏற்றுக்கொண்டால் அது ஆய்வுமுறையின் குறையாக நின்றுவிடாமல், பள்ளியைப் பற்றிய கண்டுபிடிப்பாக மாறுகிறது. கொடுத்த பத்தியிலிருந்தே விடை எழுது, வெளியே பார்க்காதே என்று பள்ளி ஆண்டுக்கணக்கில் பழக்கியதைத்தான் மாணவர்கள் பிசகாமல் செய்தார்கள். அமெரிக்காவில் 2010-இல் வெளிவந்து பெரும்பாலான மாநிலங்கள் ஏற்ற பொதுப் பாடத் தரநிலைகள், பனுவலுக்குள்ளிருந்தே சான்று காட்டும் நுண்வாசிப்பை மையத்தில் வைத்தன. 2018-19-இல் இந்தப் பணியைச் செய்தவர்கள் அந்தக் காலத்தில் வளர்ந்த பிள்ளைகள். இரண்டுக்கும் காரணகாரியத் தொடர்பு உண்டு என்று ஆய்வு நிறுவவில்லை. நான் அதை ஓர் ஊகமாகவே வைக்கிறேன். ஆனால் வலுவான ஊகம். பத்தியைப் படித்து விடையளி என்ற வினாவகை நம் வினாத்தாள்களிலும் உண்டு. தமிழ்நாட்டு ஆசிரியருக்கு இந்தப் பழக்கத்தைத் தனியே விளக்கத் தேவையில்லை.

இதே குழுவைச் சேர்ந்த சாம் வைன்பர்க்கும் சாரா மெக்ரூவும் நடத்திய வேறோர் ஆய்வு இந்த ஊகத்துக்கு வலுச் சேர்க்கிறது. வரலாற்றறிஞர்கள் 10 பேர், தொழில்முறைச் செய்திச் சரிபார்ப்பாளர்கள் 10 பேர், ஸ்டான்ஃபோர்டு இளநிலை மாணவர்கள் 25 பேர். குழந்தை மருத்துவர் அமைப்புகள் இரண்டின் இணையப் பக்கங்கள் அவர்களிடம் தரப்பட்டன. அவற்றுள் ஒன்று பல்லாயிரம் உறுப்பினர்களைக் கொண்ட தொழில்முறைச் சங்கம். மற்றொன்று அதிலிருந்து பிரிந்த சிறு கருத்தியல் குழு. சரிபார்ப்பாளர்கள் பக்கத்தை வாசிப்பதற்கு முன்பே வேறு தாவல்களைத் திறந்து, அந்த அமைப்பைப் பற்றி மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்த்தார்கள். தயக்கமின்றிச் சரியான முடிவுக்கு வந்தார்கள். மாணவர்களில் பெரும்பான்மையோர் சிறு குழுவையே நம்பினர். வரலாற்றறிஞர்களில் பலரும் தடுமாறினர் என்பதுதான் இங்கே முக்கியம். மூலங்களை ஐயத்தோடு ஆராய்வதையே தொழிலாகக் கொண்டவர்கள் அவர்கள். கூர்ந்து வாசிக்கும் திறன் குறைவாக இருந்ததால் அவர்கள் தடுமாறவில்லை. நம்பத்தக்கதாகத் தோன்றும்படி கவனமாக வடிவமைக்கப்பட்ட ஒரு பொருளை எவ்வளவு கூர்ந்து பார்த்தாலும், பார்ப்பவருக்குக் கிடைப்பது அதை வடிவமைத்தவர் காட்ட விரும்பியதுதான்.

காணொளியில் இது இன்னும் கடுமையாக வெளிப்படுகிறது. 2018-இல் இந்தியாவெங்கும் குழந்தை கடத்தல் வதந்தியைப் பரப்பிய காணொளி ஒன்று உண்டு. தெருவில் சிறுவர்கள் கிரிக்கெட் விளையாடுகிறார்கள். மோட்டார் சைக்கிளில் வரும் இருவர் ஒரு குழந்தையைத் தூக்கிச் செல்கிறார்கள். அது கராச்சியில் ரோஷ்னி ஹெல்ப்லைன் என்ற அமைப்புக்காக எடுக்கப்பட்ட விழிப்புணர்வுப் படம். அவர்கள் குழந்தையைத் திருப்பிக் கொண்டுவந்து விட்டு, காணாமற்போகும் பிள்ளைகளைப் பற்றிய அட்டையை விரித்துக் காட்டுவதுதான் அதன் முடிவு. அந்த முடிவை வெட்டிவிட்டுச் சுற்றுக்கு விட்டார்கள். அந்த ஆண்டு இத்தகைய வதந்திகளால் பல மாநிலங்களில் அப்பாவிகள் அடித்துக் கொல்லப்பட்டனர். மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில் கோயிலுக்கு வந்த சென்னை மூதாட்டி ஒருவரும் அப்படித்தான் கொல்லப்பட்டார். கேமராக் கோணம், ஒளி, சட்டகம் என்ற பட்டியலை வைத்துக்கொண்டு இந்தக் காணொளியை எத்தனை முறை ஓட்டினாலும் வெட்டப்பட்ட அட்டை தெரியப்போவதில்லை. இல்லாததைக் காட்டும் தடயம் படத்துக்குள் இருக்காது. ஒரு சட்டகத்தைப் படமாக எடுத்துத் தேடியிருந்தால் முழுப்படம் கிடைத்திருக்கும்.

2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் பீகார்த் தொழிலாளர்கள் தாக்கப்படுவதாகப் பரவிய காணொளிகளும் இந்த வகையே. வேறிடங்களில், வேறு காரணங்களுக்காக நடந்த வன்முறைகளின் பதிவுகள் அவற்றில் இருந்தன. வன்முறை உண்மை, அதற்கு ஒட்டப்பட்ட ஊர் பொய். காவல்துறைத் தலைவராக இருந்த சைலேந்திர பாபு மறுப்பு வெளியிட வேண்டியதாயிற்று. ரஷ்யக் காணொளியும் இப்படித்தான்: அதில் சீட்டுகள் திணிக்கப்படுவது பொய்யல்ல, தேர்தலின் பெயர்தான் பொய். நமக்குக் கேடு விளைவித்த காணொளிகளில் பல இவ்வாறு உண்மைக் காட்சிக்குப் பொய்ப் பெயர் சூட்டியவை என்பதால், படத்தின் இலக்கணத்தை மட்டும் கற்பிக்கும் ஊடகக் கல்வி அவற்றின்முன் கையற்று நிற்கிறது.

மாற்று வழி கடினமானதல்ல. ஸ்டான்ஃபோர்டு குழுவினரே பின்னர் 499 மாணவர்கள் பங்கேற்ற ஓர் ஆய்வில், அவர்களில் ஒரு பகுதியினருக்கு ஐம்பது நிமிடப் பாடவேளைகள் ஆறினைக் கொண்டு, பக்கத்தை விட்டு வெளியேறிச் சரிபார்க்கும் பழக்கத்தைக் கற்பித்துப் பார்த்தார்கள். கற்றவர்கள் கல்லாத குழுவினரைவிடக் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் கண்டனர். கேரளத்தில் கண்ணூர் மாவட்ட நிர்வாகம் 2018-இலேயே 150 அரசுப் பள்ளிகளில் போலிச் செய்தி குறித்த வகுப்புகளை நடத்தியது. பிள்ளைகளிடம் கருவி இல்லையே என்பது ஓர் ஆட்சேபம். ஆசிரியரின் ஒரு கைபேசியும் வகுப்பின் ஒரு திரையும் போதும். தேடலை எல்லோரும் சேர்ந்து பார்ப்பதே பாடம். இப்படிப் பழக்கினால் மாணவர்கள் எதையுமே நம்பாதவர்களாகிவிடுவார்கள் என்பது இன்னோர் ஆட்சேபம். காரணம் தேடாமல் மறுக்கப் பழக்கும் முறைக்குத்தான் அது பொருந்தும்.

கருவியைவிடப் பெரிய தடை, பாடத்துக்குத் துணையாக வரும் காணொளியை நாம் நடத்தும் விதத்தில் இருக்கிறது. பாடநூலின் கியூஆர் குறியீட்டைத் தட்டினால் ஒரு படம் ஓடுகிறது. அதை யார் தயாரித்தார்கள், எப்போது, காட்சிகள் எங்கிருந்து எடுக்கப்பட்டவை என்று எவரும் கேட்பதில்லை. கல்வித் தொலைக்காட்சியின் பாடமும் கேள்விக்கு அப்பாற்பட்டதாகவே வகுப்புக்குள் வருகிறது. ஆண்டில் ஒரு நாள் ஊடக விழிப்புணர்வு வகுப்பு நடத்திவிட்டு, மற்ற நாள்களில் காணொளியைக் கேள்வியின்றி ஏற்கப் பழக்கினால் எந்தப் பழக்கம் நிலைக்கும் என்பதில் ஐயமில்லை. வரலாற்றுப் பாடத்தில் ஓர் ஆவணப்படத்தை முப்பது நொடியில் நிறுத்தி, இந்தக் காட்சி முதலில் எங்கே வெளியானது என்று தேடச் சொல்வது தனிப் பாடவேளை கேட்காது.

மெய்யாகவே என்னைத் தயங்க வைப்பது ஒன்று உண்டு. வெளியேறிச் சரிபார்க்கும் முறை, வெளியே ஏதோ ஒன்று இருக்கிறது என்று எடுத்துக்கொள்கிறது. அந்த மூன்று மாணவர்களால் ரஷ்யாவைக் கண்டடைய முடிந்ததற்குக் காரணம், அந்தக் காட்சிகளைப் பற்றிய செய்தியும் சரிபார்ப்பும் ஆங்கிலத்தில் ஏற்கெனவே எழுதப்பட்டிருந்ததுதான். தமிழில் யூடர்ன் போன்ற சரிபார்ப்புத் தளங்கள் நல்ல வேலை செய்கின்றன. ஆனால் ஒரு வட்டாரச் செய்தியைப் பற்றித் தமிழில் தேடும் ஒன்பதாம் வகுப்பு மாணவிக்குப் பெரும்பாலும் கிடைப்பது அதே காணொளியின் பத்து மறுபதிவுகள். அவளுக்கு முறையை மட்டும் கற்றுக்கொடுத்தால் அந்த மறுபதிவுகளையே பத்துச் சாட்சிகளாக எண்ணிவிடுவாள். ஆகவே தமிழ்வழிப் பள்ளிகளுக்கான பாடம், எத்தனை பேர் சொல்கிறார்கள் என்பதையும் எத்தனை பேர் தனித்தனியே அறிந்து சொல்கிறார்கள் என்பதையும் பிரித்தறிவதில் தொடங்க வேண்டும். பதிவேற்றிய நாள், காட்சியின் நீளம், கடைப்பெயர்ப் பலகையின் மொழி, வண்டி எண்ணின் மாநிலக் குறியீடு ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு தேட வேண்டும். சட்டகத்தைக் கூர்ந்து பார்க்கும் நுட்பம் இங்கேதான் தன் உண்மையான பயனைப் பெறுகிறது: தீர்ப்புச் சொல்ல அல்ல, தேடுவதற்கான சொற்களைத் திரட்ட.