கண்ணாடித்தாளும் கிளிசரினும்: உணவுப் பொதியில் நெகிழ்வூட்டிகளின் வரலாறு

செலோஃபேனின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் ஒரு மேசைவிரிப்பிலிருந்தே தொடங்குகின்றனர். உணவகமொன்றில் விரிப்பின்மீது மது சிந்தியதைக் கண்ட சுவிட்சர்லாந்து வேதியியலாளர் ழாக் பிராண்டன்பெர்கர், கறை படியாத துணியை உருவாக்க எண்ணி அதன்மேல் விஸ்கோஸைப் பூசினார் என்பதும், துணி விறைத்துப் பயனற்றுப்போக, பூச்சு மட்டும் ஒளிபுகும் படலமாக உரிந்து வந்தது என்பதும் அக்கதை. அதில் மெய் எவ்வளவாயினும், 1908 அளவில் அப்படலத்தைத் தொடர்ச்சியாக உற்பத்தி செய்யும் இயந்திரத்தை அவர் வடிவமைத்தது உண்மை. கதை ஒன்றைச் சொல்லாமல் விடுகிறது. தூய செல்லுலோஸ் படலம் உலர்ந்தால் நொறுங்கும். மிட்டாயைச் சுற்றி முறுக்கினால் கிழியும். அதை மடிக்கத்தக்கதாக்கியது கிளிசரின்.

விஸ்கோஸ் கரைசல் குறுகிய பிளவொன்றின் வழியே அமிலத் தொட்டிக்குள் வழிந்து மீண்டும் செல்லுலோஸாகிறது. பல தொட்டிகளில் கழுவப்பட்டு, உலர்த்தும் உருளைகளை அடையுமுன் கிளிசரின் கரைசலில் நனைகிறது. செல்லுலோஸ் சங்கிலிகள் தம் ஹைட்ராக்சில் தொகுதிகளால் ஒன்றையொன்று ஹைட்ரஜன் பிணைப்பில் இறுகப் பற்றியிருப்பவை. சிறிய கிளிசரின் மூலக்கூறு அவற்றினிடையே புகுந்து, சங்கிலிக்குப் பதிலாகத் தானே பிணைந்துகொள்கிறது. சங்கிலிகள் விலகி நகர இடம் பெறுகின்றன. படலம் நீட்சியும் வளைவும் பெறுகிறது, இழுவலிமையை ஓரளவு இழக்கிறது. இப்பணியைச் செய்யும் பொருளே நெகிழ்வூட்டி, அதாவது பிளாஸ்டிசைசர். நீரும் செல்லுலோஸுக்கு ஒரு நெகிழ்வூட்டிதான். ஆனால் வறண்ட காற்றில் அது பறந்துவிடும். காற்றின் ஈரத்தை ஈர்த்துப் படலத்தில் தக்கவைப்பது கிளிசரினின் மற்றொரு பயன்.

இந்த உத்தி செலோஃபேனுக்கும் மூத்தது. 1862இல் இலண்டன் கண்காட்சியில் அலெக்சாண்டர் பார்க்ஸ் வைத்த பார்க்சின் என்னும் நைட்ரோசெல்லுலோஸ் பொருளை இளக்கியவற்றுள் ஆமணக்கெண்ணெயும் ஒன்று. அவருடைய நிறுவனம் 1868இல் கலைந்தது. அமெரிக்கரான ஜான் வெஸ்லி ஹயட் கற்பூரத்தையே முதன்மையாக்கிச் செல்லுலாய்டை வணிகப்பொருளாக்கினார். விளைவாக, தைவானின் கற்பூரக் காடுகள் உலகத் தொழிற்சாலைகளோடு பிணைக்கப்பட்டன. ஜப்பானியக் குடியேற்ற அரசு 1899இல் அங்குக் கற்பூரத்தை அரசுத் தனியுரிமையாக்கியது. நெகிழ்வூட்டி ஒருபோதும் வெறும் துணைப்பொருளாக இருந்ததில்லை என்பதற்கு இந்த ஒரு சான்றே போதும்.

செலோஃபேனின் உண்மையான சோதனை 1920களில் வந்தது. 1924இல் அமெரிக்காவில் உற்பத்தியைத் தொடங்கிய டுபாண்ட் நிறுவனம், கண்ணாடிபோல் தெளிந்த இத்தாள் நீர்த்துளியைத் தடுத்தாலும் நீராவியைத் தடுக்கவில்லை என்பதை விரைவில் உணர்ந்தது. உள்ளிருந்த கேக் உலர்ந்தது, புகையிலை காய்ந்தது. இங்கே கிளிசரினின் மறுமுகம் வெளிப்படுகிறது: சங்கிலிகளைத் தளர்த்தும் அதே செயல் நீராவி ஊடுருவ வழியையும் அகலப்படுத்துகிறது. கிளிசரினைக் குறைத்தால் தாள் நொறுங்கும். கூட்டினால் ஈரம் கடக்கும், மழைக்காலத்தில் பிசுபிசுக்கும். வில்லியம் ஹேல் சார்ச்சும் கார்ல் பிரிண்டிலும் 1927இல் கண்ட தீர்வு, அடிப்படலத்தைத் தொடாமல் அதன்மேல் மிக மெல்லிய பூச்சொன்றை இடுவது. மெழுகு ஈரத்தைத் தடுத்தது, நைட்ரோசெல்லுலோஸ் அதைப் பிடித்துநிறுத்தியது. ஆனால் நைட்ரோசெல்லுலோஸும் நொறுங்கக்கூடியதே. அதற்கும் ஒரு நெகிழ்வூட்டி தேவைப்பட்டது. ஒரே தாளில் இவ்வாறு இரு நெகிழ்வூட்டிகள் குடியேறின: உள்ளே நீரை விரும்பும் கிளிசரின், மேலே நீரை வெறுக்கும் எஸ்தர்கள். 1938இல் டுபாண்டின் இலாபத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு செலோஃபேனிலிருந்து வந்தது.

இந்தியாவில் இத்தாளின் வரலாறு பெரியாற்றங்கரையோடு தொடர்புடையது. எம்.சிடி.எம். சிதம்பரம் செட்டியார் கேரளத்தின் பெரும்பாவூருக்கருகே நிறுவிய திருவிதாங்கூர் ரேயான்ஸ் ஆலை, விஸ்கோஸ் நூலோடு செலோஃபேனையும் உற்பத்தி செய்தது. நாட்டின் முதல் ரேயான் ஆலை என்று அதைப் பாராட்டும் குறிப்புகள் கண்ணாடித்தாளைப் பெரும்பாலும் ஒரு சொல்லோடு கடந்துவிடுகின்றன. பருவமழையும் கடுங்கோடையும் மாறிமாறி வரும் நிலத்தில் நெகிழ்வூட்டியின் அளவைத் தீர்மானிப்பது எத்தகைய சிக்கலாக இருந்திருக்கும் என்பது தனி ஆய்வுக்குரியது. ஆலை 2001இல் மூடப்பட்டது. அதற்கு வெகுமுன்னரே, ஈரத்துக்கு அஞ்சாத, விலை குறைந்த பாலிபுரோப்பிலீன் படலம் உலகச் சந்தையில் செலோஃபேனின் இடத்தைப் பிடித்திருந்தது.

நெகிழ்வூட்டி செல்லுலோஸோடு வேதிப்பிணைப்பால் கட்டப்பட்டதன்று. ஆகவே அது வெளியேறவும் கூடும். 1980களில் பிரித்தானிய ஆய்வாளர்கள், பூச்சிட்ட செல்லுலோஸ் தாளில் சுற்றிய சாக்லெட்டு போன்ற கொழுப்பு மிகுந்த தின்பண்டங்களில் டைபியூட்டைல் தாலேட்டு உள்ளிட்ட நெகிழ்வூட்டிகளைக் கண்டறிந்தனர். அதே காலத்தில் ஐரோப்பியச் சமூகம் மீளாக்கச் செல்லுலோஸ் படலங்களுக்கென்றே தனி நெறிமுறை வகுத்தது. எத்திலீன் கிளைக்காலும் டையெத்திலீன் கிளைக்காலும் சேர்ந்து ஒரு கிலோ உணவில் 30 மில்லிகிராமைத் தாண்டலாகாது என்பது அதில் பின்னர் நிலைபெற்ற வரம்பு. டைபியூட்டைல் தாலேட்டு இனப்பெருக்கத்துக்குத் தீங்கானதென இன்று ஐரோப்பாவில் வகைப்படுத்தப்பட்டுள்ளது. தாளின் மூலம் மரக்கூழ் என்பதே அதைத் தீங்கற்றதாக்கிவிடும் என்ற நம்பிக்கை, இந்த ஆய்வுகளுக்குப் பின் நிலைக்கவில்லை.

மட்கும் பொதிகளைத் தேடும் இன்றைய ஆய்வகங்கள் கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸ், ஹைட்ராக்சிபுரோப்பைல் மெத்தில் செல்லுலோஸ் ஆகியவற்றில் கிளிசரின், சார்பிட்டால், பாலிஎத்திலீன் கிளைக்கால் ஆகியவற்றைக் கலந்து படலம் வார்க்கின்றன. அவற்றின் அட்டவணைகளில் பொதுவாகக் காணப்படும் போக்கு ஒன்றே: கிளிசரின் ஏற, நீட்சி ஏறுகிறது, வலிமை இறங்குகிறது, நீராவி ஊடுருவல் கூடுகிறது. பருமனான சார்பிட்டால் பொதுவாக ஈரத்தைக் குறைவாக விடுகிறது, ஆனால் நெகிழ்வையும் குறைவாகவே தருகிறது. நாட்பட அது படிகமாகிப் படலத்தின் மேற்பரப்பில் வெண்மையாகப் பூப்பதும் உண்டு. சார்ச்சும் பிரிண்டிலும் எதிர்கொண்ட அதே முடிச்சு இது. இவ்வாய்வுகளின் முன்னுரைகளில் அவர்கள் பெயர்கள் அரிதாகவே தென்படுகின்றன. ஈரத்தைத் தடுக்க மெழுகோ கொழுப்போ சேர்ந்த மேற்பூச்சு மட்டும் பல கட்டுரைகளில் புதிய முன்மொழிவாக மீண்டும் இடம்பெறுகிறது.