பிதற்றலுக்குப் பின்னால் ஒரு நோய்: பிள்ளைகளின் லூபஸ் கடந்து வந்த பாதை

நன்றாக ஓதியும் படித்தும் வந்த பதின்மூன்று வயதுப் பெண்பிள்ளை ஒருத்தி சில வாரங்களில் மாறிவிடுகிறாள் என வைத்துக்கொள்வோம். பாடம் மனத்தில் நிற்பதில்லை, காரணமின்றி அழுகிறாள், இல்லாத உருவங்கள் கண்ணில் தெரிவதாகச் சொல்கிறாள். நம் வீடுகளில் இதற்குச் சொல்லப்படும் காரணங்களை நாம் அறிவோம். கண்ணேறு என்பார் ஒருவர். ஜின் தீண்டியது என்பார் மற்றொருவர். வயதின் கோளாறு என்பார் வேறொருவர். இவை உடலில் பரவிய ஒரு நோயின் அடையாளமாகவும் இருக்கலாம் என்பது நம் நினைவுக்கு எளிதில் வருவதில்லை. இதற்காக நாம் வெட்கப்பட வேண்டியதில்லை. மருத்துவ உலகமும் இந்த உண்மையை ஒன்றரை நூற்றாண்டுக் காலத்தில் படிப்படியாகவே கற்றது.

'லூபஸ்' என்பது ஓநாயைக் குறிக்கும் இலத்தீன் சொல். முகத்தைச் சிதைக்கும் புண்களுக்கு ஐரோப்பியர் இடைக்காலத்தில் இட்ட பெயர் அது. இன்று நாம் அறிந்துள்ள நோய்க்கு 1851இல் அதன் பெயரை வழங்கியவர் பிரெஞ்சு மருத்துவர் கசனாவ். அன்று அது தோல் நோயாக மட்டுமே கருதப்பட்டது. 1872இல் வியன்னா நகரின் கப்போசி, இந்நோய் தோலோடு நிற்பதில்லை என்றும் காய்ச்சலும் மூட்டுவலியும் உடல் மெலிவும் உடன்வரக்கூடும் என்றும் எழுதினார். நோய் முற்றிய சிலருக்கு நினைவு மங்குவதும் அக்காலத்திலேயே குறிக்கப்பட்டது.

அடுத்த அடியை எடுத்து வைத்தவர் அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் பணியாற்றிய வில்லியம் ஆஸ்லர். 1895 முதல் 1904 வரை அவர் வெளியிட்ட கட்டுரைகள், தோலில் தடிப்பு காணும் நோயாளிகளுக்கு உள்ளுறுப்புகளும் கெடுவதைப் பேசின. பிதற்றல், பேச்சிழப்பு, உடலின் ஒரு பக்கம் செயலிழத்தல் ஆகியவை விட்டுவிட்டு வருவதையும் அவர் பதிவு செய்தார். அவர் கண்டவர்களுள் பலருக்கு இருந்தது வேறு நோய் என்று பிற்கால மருத்துவர்கள் கருதினர். ஆயினும் தோலையும் மூளையையும் ஒரே நோய் தாக்கக்கூடும் என்ற எண்ணம் அவ்வெழுத்துகளால் வலுப்பெற்றது.

1948இல் மேயோ மருத்துவமனையின் ஹார்க்ரேவ்ஸும் அவருடன் பணியாற்றியோரும் லூபஸ் நோயாளிகளின் எலும்பு மச்சையில் ஒரு தனிவகை உயிரணுவைக் கண்டனர். உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றல் உடலையே தாக்குகிறது என்ற விளக்கத்துக்கு அது வழிவகுத்தது. அதே மருத்துவமனையின் ஹென்ச், மூட்டுவாத நோயாளிகளுக்குக் கார்ட்டிசோன் தரும் பயனை 1949இல் அறிவித்தார். அவருக்கும் வேறு இருவருக்கும் 1950இல் நோபல் பரிசு கிடைத்தது. விரைவில் லூபஸ் நோயாளிகளுக்கும் ஸ்டீராய்டு மருந்து வழங்கப்பட்டது. அதுவரை இது பெரும்பாலும் உயிர்கொல்லி நோயே. 1955இல் வெளியான ஓர் ஆய்விலும், நோய் அறியப்பட்டு நான்கு ஆண்டுகள் கடந்தும் உயிரோடிருந்தோர் ஏறத்தாழப் பாதிப்பேரே.

அந்த மருந்து ஒரு புதிய குழப்பத்தையும் கொண்டு வந்தது. அதிக அளவு ஸ்டீராய்டு சிலருக்கு உறக்கத்தைக் கெடுத்து மனத்தைக் கலக்கும். நோயாளி பிதற்றினால் காரணம் நோயா, மருந்தா என்ற கேள்வி மருத்துவர்களை நெடுங்காலம் வாட்டியது. இன்றும் அது எளிதன்று. ஆகவே 'மாத்திரைதான் பிள்ளையைக் கெடுத்தது' என்று முடிவு செய்து பெற்றோர் தாமாக அதை நிறுத்துவது ஆபத்து. திடீரென நிறுத்தினால் உயிருக்கே கேடு விளையலாம்.

1999இல் அமெரிக்க மூட்டுவாதவியல் கல்லூரி, லூபஸால் வரும் நரம்பு, மனநலச் சிக்கல்களை 19 வகைகளாகப் பிரித்துப் பெயரிட்டது. வலிப்பு, பக்கவாதம், மனப்பிறழ்வு, பதற்றம், மனச்சோர்வு, நினைவாற்றல் குறைவு ஆகியன அவற்றுள் சில. கைகால்கள் தாமாகத் துள்ளும் அசைவும் அதில் அடங்கும். அதனால் எழுத்து கோணும். கையிலுள்ள பாத்திரம் நழுவும். பிள்ளையின் குறும்பு என்று ஆசிரியர் கண்டிக்கவும் கூடும். லூபஸ் நோயாளிகளுள் பத்துக்கு ஒருவர் அல்லது இருவருக்கு அது பதினெட்டு வயதுக்குள் தொடங்குகிறது. பெண்பிள்ளைகளே மிகுதி. பெரியவர்களைவிடப் பிள்ளைகளுக்கு இந்நோய் கடுமையாக வருவதுண்டு. மூளை பாதிக்கப்படுமானால், பெரும்பாலும் அது நோயின் முதல் ஆண்டுகளிலேயே வெளிப்படுகிறது.

இதன் காரணங்கள் ஒன்றுக்கு மேற்பட்டவை. எதிர்ப்பொருள்கள் மூளை அணுக்களின் செயலைக் குலைக்கலாம். இரத்தக் குழாய்கள் அழற்சியுறலாம். இரத்தம் உறைந்து அடைப்பு ஏற்படலாம். எம்.ஆர்.ஐ. படம் இயல்பாக இருந்தாலும் நோய் இல்லை என்று உறுதி கூற இயலாது. கிருமித் தொற்றும் உயர் இரத்த அழுத்தமும் காரணமல்ல என்று முதலில் தெளிய வேண்டும். அதன்பின் காரணத்துக்கு ஏற்ப ஸ்டீராய்டு, எதிர்ப்பாற்றலை அடக்கும் மருந்துகள், இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து, தேவையெனில் மனநல மருந்து ஆகியன தரப்படுகின்றன. காலத்தே சிகிச்சை பெறும் பிள்ளைகள் பலர் தெளிந்து மீண்டும் பள்ளிக்குச் செல்கின்றனர்.

உடலும் உள்ளமும் ஒன்றையொன்று பாதிக்கும் என்பது நம் முன்னோர் அறியாததன்று. கி.பி. 934இல் மறைந்த அபூ ஸைத் அல்பல்கீ, உடலின் நலத்தையும் உள்ளத்தின் நலத்தையும் ஒரே நூலில் சேர்த்து எழுதினார். உள்ளத்தின் நோயைப் பழியாகக் கருதாமல், மருந்தும் ஆறுதலும் நாட வேண்டிய நோயாகவே அவர் கண்டார். ஓதிப் பார்ப்பதும் துஆச் செய்வதும் நம் மரபு. மருத்துவம் நாடுவதும் அதே மரபின் போதனையே.

ஆகவே நம் பிள்ளையின் நடத்தை திடீரென மாறினால், அதனுடன் நீங்காத காய்ச்சல், மூட்டுவலி, வாய்ப்புண், முடி உதிர்வு, கன்னங்களிலும் மூக்கின் மேலும் படரும் சிவந்த தடிப்பு ஆகியவற்றில் ஏதேனும் உண்டா என்று பார்ப்போம். இருந்தால் தாமதியாமல் மருத்துவரிடம் அவற்றையும் சேர்த்துச் சொல்வோம். வலிப்போ நினைவுக் குழப்பமோ வந்தால், வேறெந்த அறிகுறிக்கும் காத்திராமல் அன்றே மருத்துவமனைக்குக் கொண்டு செல்வோம். பிள்ளையைக் குற்றவாளியாகவோ வீட்டின் மானக்கேடாகவோ எண்ணாதிருப்போம். அல்லாஹ் நம் பிள்ளைகள் அனைவருக்கும் பூரண ஷிஃபாவை அருள்வானாக.